பதினாலு இஞ்ச் டயர்

திருவொற்றியூரில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர் வாசனை சின்ன வயதிலேயே பழகிவிடும். 1946-ல் பொம்மை பலூன் செய்யும் சிறு கொட்டகையாக அங்கே தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, 1961-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து மேன்ஸ்ஃபீல்ட் டயர் நிறுவனத்தின் கூட்டு முயற்சியோடு டயர் தயாரிப்பில் இறங்கியது. எங்கள் தெருவில் பல வீடுகளில் டயரை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. ஒருவர் ஆலையில் ஷிஃப்ட் பார்ப்பார், இன்னொருவர் ரீட்ரேடிங் பட்டறையில் இருப்பார், மூன்றாமவர் பஞ்சர் ஒட்டுவார்.

இப்போது நான் இருப்பது அதே ஒஹையோவில். மேன்ஸ்ஃபீல்ட் ஊர் இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். அங்கிருந்த டயர் ஆலை 1970களின் இறுதியிலேயே மூடப்பட்டுவிட்டது. ஊருக்குப் பக்கத்தில், லெக்ஸிங்டனில், 1962-ல் திறந்த மிட்-ஒஹையோ பந்தயத் தடம் மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. பொதுமக்கள் தங்கள் காரைக் கொண்டுவந்து ஓட்ட அங்கே சில நாட்கள் ஒதுக்குவார்கள். அதற்காகவே நான் வைத்திருக்கும் 1990 மாடல் மஸ்டா மியாட்டாவுக்குப் போன வசந்தத்தில் புது வீலும் டயரும் தேட வேண்டியிருந்தது. தேடத் தேட, சோழவரம் பந்தய நாட்களும் சித்தப்பாவின் ஒர்க்‌ஷாப்பும்தான் நினைவில் வந்துகொண்டே இருந்தன.

சோழவரத்தை இன்றைய இளைஞர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளம் அது. போர் முடிந்த பிறகு அந்த ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார், பைக் பந்தயங்களை நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கும்வரை தென்னிந்தியாவின் வேகமெல்லாம் சோழவரத்தில்தான் இருந்தது. விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டிய இடமும் அதுதான். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஃபியட். வாரநாளில் ஆபீசுக்குப் போகும் அதே பிரீமியர் பத்மினி, பின் சீட்டைக் கழற்றி, சைலன்சரை மாற்றி, கதவில் நம்பர் எழுதிப் பந்தயத்துக்கு வரும். சித்தப்பா அப்படிப்பட்ட இரண்டு மூன்று வண்டிகளைத் தயார் செய்து கொடுப்பார். நான் பள்ளி விட்டதும் அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன்.

பத்மினிக்கு டயர் அளவு 5.20-14. கடைக்குப் போனால் அந்த அளவில் நைலான் டயர்தான் கிடைக்கும். இரண்டு மூன்று கம்பெனி. எல்லாமே டியூப் போட்டது, கிராஸ் பிளை. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். வெளிநாட்டுப் பந்தய டயர் பணக்கார ஓட்டுநர்கள் சிலரிடம் மட்டுமே இருந்தது. கடையில் பொறுக்கி எடுக்க வழியில்லாததால், தேர்வு முழுவதும் ஒர்க்‌ஷாப்பில் நடந்தது.

சித்தப்பா டேப்போடுதான் டயர்க் கடைக்குப் போவார். “பாய், இதே லாட்டுல இன்னும் ரெண்டு எடுங்க” என்பார். ஒவ்வொரு டயரின் சுற்றளவையும் அளந்து பார்ப்பார். ஒரே அளவு அச்சடித்த டயர்களிலேயே வித்தியாசம் இருக்கும். பின்சக்கரம் இரண்டும் ஒரே சுற்றளவாக அமையும்வரை கடையை விட்டு நகர மாட்டார். கடைக்காரரும் சலிக்காமல் எடுத்துப் போடுவார். யாருக்காக இந்தப் பாடு என்று அவருக்குத் தெரியும்.

பிறகு பட்டனை, அதாவது டயரில் தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளை, சீவுவது. புது டயரின் பட்டன் முழு உயரத்தில் இருந்தால் திருப்பத்தில் ஒவ்வொரு கட்டியும் மடங்கி நெளியும். அந்த நெளிவில் சூடேறி ரப்பர் பிய்ந்து வரும். அதனால் பாதிக்கு மேல் சீவிவிடுவார்கள். சித்தப்பா டயரைச் சுழலவிட்டு, கத்தியைப் பிடித்து, சீரான ஆழத்தில் சீவும்போது கறுப்பு நாடாவாக ரப்பர் சுருண்டு விழும். புது டயரை இப்படி வெட்டுகிறாரே என்று மனசு பதைத்தது எனக்கு. “டேய் தம்பி, வண்டி ரோட்டைத் தொடுறது இந்த நாலு இடத்துலதான்டா. மத்ததெல்லாம் அப்புறம்” என்றார். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவுதான் என்பதை அன்று அவர் தரையில் வரைந்து காட்டினார்.

வீலுக்கும் அதே கதை. அலாய் வீல் படத்தில்தான் பார்த்திருந்தோம். இரும்பு டிஸ்கை அறுத்து, நடுவில் பட்டை வைத்து வெல்டிங் செய்து அகலப்படுத்துவார்கள். வெல்டிங் முடிந்ததும் டிஸ்கை ஆக்ஸிலில் மாட்டிச் சுற்றிவிட்டு, விளிம்புக்கு அருகில் ஒரு சாக்பீஸை ஆடாமல் பிடிப்பார் சித்தப்பா. கோணல் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோடு வட்டம் முழுக்கச் சமமாக விழும்வரை தட்டித் தட்டிச் சரிசெய்வார். பந்தயத்தன்று காலையில் அதே சாக்பீஸ் டயரின் தோளில் ஏறும். இரண்டு சுற்று ஓட்டி வந்ததும் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்ப்பார். பக்கவாட்டுவரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்றை ஏற்ற வேண்டும். தோளில் அப்படியே நின்றால் காற்று அதிகம், இறக்க வேண்டும்.

அது அன்று. இன்று கணினியைத் திறந்தால் ஒரே அளவில் டஜன் கணக்கில் டயர். மழைக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று, தடத்துக்கு ஒன்று. வீல் என்றால் நூற்றுக்கணக்கில் வந்து விழுகிறது. வார்த்தது, வார்த்து உருட்டியது, அடித்துச் செய்தது என்று மூன்று விதம். ஆனால் என் காருக்கு உரிய அளவில் தேடியபோது அந்த வெள்ளம் சட்டென்று வற்றிவிட்டது.

மியாட்டா 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான கார். எடை ஒரு டன்னுக்குக் கீழே. ஆலையிலிருந்து வரும்போது 14 அங்குல விட்டம், 5.5 அங்குல அகலம் கொண்ட ஏழு ஆரக்கால் அலாய் வீல், டயர் 185/60ஆர்14. பத்மினிக்கும் இதற்கும் வீல் விட்டம் ஒன்றே என்பதில் எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. ஆனால் இன்று புதுக் கார்கள் 17, 18 அங்குலத்துக்குப் போய்விட்டன. 14 அங்குலத்தில் நல்ல கோடை டயர் செய்ய அநேகமாக எந்தக் கம்பெனிக்கும் ஆர்வமில்லை. 15 அங்குலத்தில் இன்னும் நல்ல சரக்கு கிடைக்கிறது. அதற்கு மியாட்டாவே ஒரு காரணம். இங்கே ஸ்பெக் மியாட்டா என்று அந்தக் காருக்காகவே ஒரு பந்தய வகை இருக்கிறது. எல்லோரும் 15-க்கு 7 வீல், 205/50ஆர்15 டயரில்தான் ஓட்டுகிறார்கள்.

எனவே வீலைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் டயரை முடிவு செய்தேன். கணக்கு கஷ்டமானதல்ல. டயர் அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பதுதான் நடுவில் உள்ள எண். 185-ல் 60 சதவீதம் 111 மி.மீ. மேலும் கீழுமாக 222. அதோடு 14 அங்குலம், அதாவது 356 மி.மீ. சேர்த்தால் மொத்த விட்டம் 578. இதே கணக்கில் 195/50ஆர்15-ன் விட்டம் 576. இரண்டு மி.மீ. வித்தியாசத்தில் ஸ்பீடோமீட்டரும் கியரும் ஆலையில் வைத்தபடியே இருக்கும். 205/50ஆர்15 போட்டால் 586. பார்வைக்கு எடுப்பாக 17 அங்குல வீலில் 205/40 போட்டால் 596, மூன்று சதவீதம் கூடுதல். எஞ்சினில் இருக்கும் கொஞ்சம் சக்தியை வீலைப் பெரிதாக்கிக் கரைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பக்கச்சுவர் குறைந்தால் குழியில் அடிபடுவதும் கூடும். 195/50ஆர்15 என்று முடிவு செய்தேன். பவர் ஸ்டியரிங் இல்லாத என் வண்டிக்கு அந்த அகலம் போதும்.

அடுத்து வீல். நான்கு நட்டுத் துளைகள் 100 மி.மீ. வட்டத்தில் அமைய வேண்டும். அந்த அமைப்பு ஹோண்டா சிவிக் உட்பட எத்தனையோ கார்களில் உண்டு. அதனால் எந்த வீலும் ஏறிவிடும் என்று தோன்றும். ஆனால் நடுத்துளை சிவிக்குக்கு 56.1 மி.மீ., மியாட்டாவுக்கு 54.1. அந்த 2 மி.மீ. இடைவெளியோடு மாட்டினால் வீல் நடுவில் உட்காராமல் நட்டுகளில் தொங்கும், ஸ்டியரிங் நடுங்கும். அதற்கென்று வளையம் விற்கிறார்கள். அதைப் போட்டுத்தான் மாட்ட வேண்டும். பிறகு ஆஃப்செட்: ஹப்பில் பதியும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பது. பழைய வீலுக்கு 45. அதிலிருந்து வெகுவாக விலகினால் டயர் உள்ளே சஸ்பென்ஷனில் உரசும் அல்லது வெளியே மட்கார்டில் உரசும்.

எடையைத்தான் கடைசிவரை விடாமல் விசாரித்தேன். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை வேறு, மேலே இருக்கும் எடை வேறு. மேடு பள்ளத்தில் வீல் தரையை விடாமல் பிடிக்க வேண்டுமானால் அது லேசாக இருக்க வேண்டும்; அது சுழலவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். மஸ்டா பொறியாளர்கள் அந்த ஏழு ஆரக்கால் வீலை ஐந்தரைக் கிலோ சுமாருக்குள் அடக்கியிருந்தார்கள். மாற்று வீல் அதைவிடக் கனமாக இருந்தால் அந்தக் காருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். உருட்டிச் செய்த 15-க்கு 7 வீல் ஒன்று அந்த எடைக்கு அருகிலேயே கிடைத்தது. அதன் உள்முகத்தில் ஜப்பானின் ஜே.டபிள்யூ.எல். தர முத்திரை இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

முதலில் ஒரே ஒரு வீலில் டயரை ஏற்றி மாட்டிப் பார்த்தேன். ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, கையைச் சுற்றிலும் விட்டுத் தடவினேன். ஸ்பிரிங் பக்கம் விரல் புகுந்தது. மட்கார்டு விளிம்பிலும் இடம் இருந்தது. பிறகே மற்ற மூன்றும். நட்டுகளை டார்க் ரென்ச்சால், ஒன்றுவிட்டு எதிரே ஒன்றாக, கையேட்டில் உள்ள 65–87 பவுண்டு-அடிக்குள் முறுக்கினேன். காற்று 26. இன்றைய கார்களுக்குப் பழகியவர்களுக்குக் குறைவாகத் தெரியும். கதவருகே ஒட்டியிருக்கும் சீட்டில் மஸ்டா சொல்வது அதுதான். அங்கிருந்து தொடங்கி, மிட்-ஒஹையோவில் டயரின் தோளில் சாக்பீஸ் தடவித்தான் கூட்டிக் குறைக்கிறேன். பக்கத்தில் நின்ற இளைஞர்கள் இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்கள். சோழவரம் என்றேன், இருந்து விளக்கினேன்.

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே பெரிய மாற்றம் எது என்று கேட்டால், அறிவு இருக்கும் இடம் மாறிவிட்டது என்பேன். சித்தப்பாவின் கைக்கும் கடைக்கார பாயின் கண்ணுக்கும் மட்டும் தெரிந்திருந்தவை இன்று டயரின் பக்கச்சுவரிலேயே அச்சாகி நிற்கின்றன. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கி.மீ.வரை. ட்ரெட்வேர் 200 என்றால் பிடிமானம் தூக்கல், ஆயுள் குறைவு. ஆனால் அந்த எண்ணைக் கம்பெனியே தனக்குப் போட்டுக்கொள்கிறது, ஒரு கம்பெனியின் 200-ஐ இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது. கோடை டயர் 7 டிகிரி குளிருக்குக் கீழே விறைத்துப்போகும். ஒஹையோவில் நவம்பர் வந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டியதுதான். இதையெல்லாம் யாரும் ஒளித்து வைக்கவில்லை. குனிந்து படிக்கத்தான் ஆளில்லை.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். டயரை முதலில் தேர்ந்தெடுங்கள், அதற்கேற்ற வீலைப் பிறகு வாங்குங்கள். டயரோடு சேர்ந்த மொத்த விட்டத்தை மாற்றாதீர்கள், எடையை ஏற்றாதீர்கள். கழற்றிய பழைய வீலை விற்றுவிடாதீர்கள். அது அந்தக் காரின் பிறவிச் சொத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. இத்தகைய கார்கள் வருஷத்தில் பாதி நாள் நின்றேதான் கிடக்கும். பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கெட்டியாகிவிடும். பத்து ஆண்டு தாண்டிய டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி, கழற்றிப் போட்டுவிடுங்கள்.