முள்வாசலும் கடவுச்சொல்லும்: கண்டி வீடுகளின் வைஃபை அரண் குறித்து ஓர் ஆராய்ச்சி

கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் ஒரு வீடு என்பது பல வேளை ஒரு வீடல்ல. மேலே வீட்டுக்காரர் குடும்பம், கீழே அனெக்ஸில் வாடகைக் குடும்பம், பின்பக்க அறைகளில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களின் போர்டிங் என மூன்று குடித்தனங்கள் ஒரே கூரையின் கீழ் நடக்கும். தண்ணீர் மீட்டர் ஒன்று, கரண்ட் மீட்டர் ஒன்று, இப்போது ஃபைபர் இணைப்பும் ஒன்று. முதல் இரண்டையும் பங்கிடுவது எப்படி என்பதற்கு மாதா மாதம் பில் வரும் நாளில் வாய்மொழி இலக்கியம் வளர்ந்துகொண்டே இருக்கிறது. மூன்றாவதற்கு அப்படி ஒரு மரபு இன்னும் திரளவில்லை. அக்குறையைத் தீர்க்கப் புகும் இக்கட்டுரையின் கருதுகோள் ஒன்றே: வீட்டு வலையமைப்பைக் காப்பது மதிலின் உயரமன்று, அனுமதிச் சீட்டின் கணக்கு. இதைக் கண்டுபிடித்த பெருமை இக்கட்டுரைக்கு உரியதன்று. கண்டி இராச்சியத்தின் வாசற்காவலர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே அதை நடைமுறையில் வைத்திருந்தார்கள்.

முதலில் எழும் தடை புவியியல் சார்ந்தது. மகாவலி மூன்று பக்கம் வளைந்தோட, பலன கணவாயும் கடுகண்ணாவை மலையும் மேற்கே நிற்க, காடு சூழ்ந்த ஊருக்குத் தனியே ஓர் அரண் எதற்கு என்பர். நீர், நிலம், மலை, காடு என்று திருக்குறளின் 75ஆம் அதிகாரம் கேட்கும் நான்கும் இங்கே குறைவின்றி உண்டு என்பதும் மெய்யே. ஆயின் இந்த அரணைத் தாண்டி 1765இல் ஒல்லாந்தரும் 1803இல் ஆங்கிலேயரும் நகருக்குள் நுழைந்தார்கள் என்பதையும் கூடவே எண்ணவேண்டும். அவர்களால் நகரில் நிலைக்க முடியவில்லை, நுழைய முடிந்தது. மேலும், படைகளைத் தடுத்த மலை வானொலி அலையை எதிரியாகக் கருதுவதில்லை. சரிவில் அடுக்கடுக்காய் ஏறும் வீடுகளில் மேல்வீட்டு முற்றமும் கீழ்வீட்டுக் கூரையும் ஏறக்குறைய ஒரே மட்டம். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை செங்கல் சுவரையே ஊடுருவும்போது தகரக் கூரைக்கு மேலுள்ள வெறுங்காற்றில் தயங்குமா? சமவெளி ஊரில் அயல்வீடுகள் நான்கு திசையில்தான் இருக்கும். கண்டியில் மேல், கீழ் என்று மேலும் இரண்டு திசை உண்டு. ஆகவே மலை இங்கே அரணன்று, அலைக்குப் படிக்கட்டு என்க.

இனிச் சான்றுக்கு வருவோம். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டில் 19 ஆண்டுக்கு மேல் சிறையிருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், தப்பிச் சென்றபின் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் கண்டியின் வாசல்களை விவரிக்கிறார். வழிகளில் முட்களால் அமைந்த கதவுகள், அவற்றில் காவலர்கள். கடந்து செல்வோருக்கு அனுமதிச் சீட்டாகக் களிமண்ணில் பதித்த முத்திரை. அந்த முத்திரை எல்லோருக்கும் ஒன்றல்ல: படைவீரனுக்கு ஆயுதம் தாங்கிய உருவம், கூலியாளுக்குக் காவடிபோல் இருபுறம் பைகள் தொங்கச் சுமக்கும் உருவம், வெள்ளையனுக்குத் தொப்பி வைத்த உருவம். கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை உருவங்கள் களிமண்ணில் இருக்கவேண்டும். உள்ளே வருவோரைவிட வெளியே போவோரையே காவலர் கூடுதலாகச் சோதித்தார்கள் என்பதும் அவர் தரும் தகவல். இதில் மூன்று விதிகள் அடங்கியுள்ளன. வருபவர் யார் என்பதற்கேற்ப முத்திரை மாறவேண்டும், தலைக்கணக்கு சரியாக இருக்கவேண்டும், வெளிச்செல்வதையும் கவனிக்கவேண்டும். இன்றைய வலையமைப்புப் பொறியாளர் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்வதும் இதையேதான்.

இம்மூன்று விதிகளையும் இன்றைய வீடு எப்படி நடத்துகிறது? முதல் விதியில் முழுத் தோல்வி. மேல்மாடிக்கும் அனெக்ஸுக்கும் போர்டிங்குக்கும், டிவி திருத்த வந்தவருக்கும் ஒரே பாஸ்வேர்ட். படைவீரன், கூலியாள், தொப்பிக்காரன் மூவரும் ஒரே களிமண் துண்டைக் கைமாற்றிக் கைமாற்றி வாசலைக் கடக்கிறார்கள். இதன் கேடு மரியாதை சார்ந்தது மட்டுமன்று. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், பொதுப் பாஸ்வேர்டை அறிந்த ஒருவர், இன்னொரு கருவி ரவுட்டரோடு இணையும் கணத்தைப் பிடித்துவிட்டால், அக்கருவி காற்றில் அனுப்புவதைப் பிரித்தெடுக்க முடியும். 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ.3 இக்குறையை நீக்கியது. அதற்கும் முந்திய டபிள்யூ.இ.பி. முறையோ 2001இலேயே உடைபட்டது. அதை இன்னும் வைத்திருப்பவர் கதவுக்குப் பதிலாகக் கதவின் படத்தை மாட்டியவர். பொத்தானாலோ எண்ணாலோ எளிதில் இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியின் கதை இன்னும் சுவையானது. 8 இலக்க எண் என்பதால் 10 கோடி முயற்சி வேண்டும் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் முதல் நான்கு இலக்கத்தைத் தனியே சரி பார்த்துச் சொல்லிவிடுகிறது. கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறுவது. ஆகவே 10,000ஐயும் 1,000ஐயும் கூட்டி 11,000 முயற்சியே போதும் என்று 2011இல் தெரியவந்தது. பாதி முத்திரையைக் காட்டியவனிடம் “இதுவரை சரி, மீதியைக் காட்டு” என்று சொல்லும் காவலன் இராஜசிங்கனிடம் எத்தனை நாள் வேலையில் இருந்திருப்பான் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

அனெக்ஸுக்குத் தனியே ஒரு ரவுட்டர் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது என்று கருதுவோர் உண்டு. கருத்து நன்று, அதை மாட்டும் இடமே பிழை. வீட்டுக்காரரின் ரவுட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்து வாடகைக்காரரின் ரவுட்டரில் செருகுவதே வழக்கம். ரவுட்டரின் இயல்பு யாது? உள்ளிருந்து வெளியே போகும் போக்கை விடும், வெளியிலிருந்து தானாக உள்ளே வருவதை மறிக்கும். ஆகவே அனெக்ஸிலிருந்து வீட்டுக்காரரின் கணினியையும் பிரிண்டரையும் எட்டலாம், வீட்டுக்காரரால் அனெக்ஸை எட்ட முடியாது. வாடகைக்காரர் அரண்மனைக்குள், வீட்டுக்காரர் முற்றத்தில். மாத வாடகையை நிர்ணயித்தபோது எவரும் கருதாத பதவி மாற்றம் இது. முறையான அமைப்புக்கு மூன்று ரவுட்டர் வேண்டும்: ஃபைபர் வந்து சேருமிடத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒன்று, அதிலிருந்து கிளைபிரிந்து மேல்மாடிக்கு ஒன்று, அனெக்ஸுக்கு ஒன்று. இருவரும் ஆற்றின் இரு கரையில் இருப்பர். பாலம் பொது, வீடு தனி. செலவு கூடும் என்பார்க்கு விடை பின்வருமாறு: பெரும்பாலான ரவுட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்றொரு வசதி ஏற்கெனவே உண்டு. அதை இயக்க ஒரு சதமும் வேண்டாம்.

இங்கேதான் மிக வலிய தடை எழுகிறது. வீட்டுக்கு வந்தவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்குமுன் “தம்பி, அந்த வைஃபையைக் கொஞ்சம் போட்டுத் தாங்க” என்கிறார். மறுக்கலாமா? விருந்தோம்பல் 9ஆம் அதிகாரம், அரண் 75ஆம் அதிகாரம். முன்னது அறத்துப்பால், பின்னது பொருட்பால். வள்ளுவர் இரண்டுக்கும் இடையே 65 அதிகாரங்களை வைத்துக் காத்த இடைவெளியை நம் ரவுட்டர் ஒரே பாஸ்வேர்டில் அழித்துவிட்டது. அறத்தைக் கைவிடாமல் அந்த இடைவெளியை மீட்டுத் தருவதே கெஸ்ட் நெட்வொர்க். விருந்தினருக்கு இணையம் கிடைக்கும், வீட்டின் கருவிகள் அவருக்குத் தென்படா. மறுப்பதில் உள்ள அவமரியாதையும் இல்லை, கொடுப்பதில் உள்ள ஆபத்தும் இல்லை. தொப்பிக்காரனுக்குத் தொப்பி முத்திரை கொடுத்ததை எவரும் அவமதிப்பாகக் கொள்ளவில்லை.

நெட்வொர்க்கின் பெயரை மறைத்துவைத்தால் போதாதா என்பது அடுத்த தடை. போதாது. பெயரை ரவுட்டர் மறைத்தாலும், அதைத் தேடும் போன்கள் போகுமிடமெல்லாம் அப்பெயரைக் கூவிக் கேட்டுக்கொண்டே செல்லும். இரகசியப் பாதை அதில் நடப்பவர்களாலேயே வெளிப்படுகிறது. “என் வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது” என்பாரும் உளர். மறைக்க ஒன்றுமில்லாதவருக்கும் மாத டேட்டா அளவு உண்டு, இணைப்பு அவர் பெயரில் உண்டு. அதன் வழியாக ஒருவர் செய்த குற்றம் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் விசாரணைக்கு வந்தால், முதலில் தட்டப்படுவது அவர் வீட்டுக் கதவே. கடைசித் தடை கூரியது: இத்தனை காவலையும் மீறி நொக்ஸ் 1679இல் தப்பினாரே? தப்பினார். ஆனால் முள்வாசலை உடைத்தல்ல. பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சரக்கு விற்றுப் பழகிய வியாபாரியாக வடக்கே நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1815இல் இராச்சியம் வீழ்ந்ததும் இவ்வகையே. ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொயிலி ஆண்டுக்கணக்கில் இராச்சியத்தின் உள்ளிருந்து செய்தி திரட்டினார், கண்டிப் பிரதானி எஹெலப்பொல ஆங்கிலேயர் பக்கம் போனார், மார்ச் 2ஆம் திகதி உடன்படிக்கை எழுந்தது. அந்நியன் உடைத்த வாசல்களைவிடப் பழகியவர் திறந்த வாசல்களே கண்டிக்குக் கேடு செய்தன. ஆகவே இவ்விரண்டும் நம் கருதுகோளுக்கு மறுப்பல்ல, நிறுவல்.

எஞ்சியது, ரவுட்டரின் தலைமைச் சாவி. தொழிற்சாலை இட்ட “அட்மின்” என்ற பெயரும் அதே சொல்லும் இன்னும் மாறாமல் இருந்தால் மேற்சொன்ன யாவும் வீண். 2016இல் மிராய் என்ற தீநிரல் இத்தகைய 60 சொச்சம் இயல்புப் பெயர்களையும் சொற்களையும் வைத்தே இலட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. அச்சொல்லை மாற்றி ஒருவர் பொறுப்பில் வைக்க. விருந்தினருக்கான பாஸ்வேர்டை மாற்றும் நாளைக் கண்டியே குறித்துத் தந்திருக்கிறது. எசல பெரஹரா காலத்தில் உறவுமுறை எல்லாம் இங்கே திரள்கிறது, பாஸ்வேர்டும் கை மாறுகிறது. கெட்டம்பேயில் மகாவலி நீர்வெட்டுச் சடங்கோடு பெரஹரா முடிந்து விருந்தினர் பஸ் ஏறிய மாலையே அதற்கு உகந்தது. மாற்றியபின் ரவுட்டரில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் திறந்து தலையெண்ணுக. வீட்டில் போன் ஏழு, பட்டியலில் ஒன்பது என்றால், களிமண்ணில் இரண்டு உருவம் கூடுதல் என்பது பொருள்.