சாருக்கு ஒரு மொழி, சித்தாளுக்கு ஒரு மொழி

மொழிக்காக இந்த நாட்டில் எத்தனையோ சட்டங்கள் போட்டிருக்கிறார்கள். பாதி அலமாரியில் தூங்குகின்றன. எழுதப்படாத ஒன்று மட்டும் பிசகாமல் நடக்கிறது: இரண்டு பேர் எதிரெதிரே நின்றால், சம்பளம் குறைந்தவர் தன் மொழியை விட்டுவிட்டு மற்றவரின் மொழிக்குப் போக வேண்டும். இதற்கு அரசாணை இல்லை, அபராதம் இல்லை, பறக்கும் படை இல்லை. இருந்தும் ஒருவரும் மீறுவதில்லை.

திருப்பூரில் ஒரு வங்கி. நகைக்கடன் கவுண்டரில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி, கையில் மடித்து மடித்து நைந்துபோன ரசீது. "ஏனுங் சார், வட்டிய மட்டும் கட்டிப்போட்டு மறுக்கா மாத்தி வெச்சுக்கலாமுங்களா?" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நிமிர்ந்து, "ஹிந்தி? இங்கிலீஷ்?" என்றார், காபியா டீயா என்று கேட்பதுபோல. பாட்டி இரண்டுமே குடித்ததில்லை.

வரிசையில் பின்னால் ஒரு பையன் நின்றிருந்தான். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. ஊருக்குப் பணம் போட வந்தவன். அவன் முன்னால் வந்து அதிகாரியிடம் இந்தியில் பேசினான். பிறகு பாட்டி பக்கம் திரும்பி, "பாட்டிம்மா, வட்டி மட்டும் கட்டி மாத்த முடியாது, சார் சொல்லுது. ஃபுல் காசு கட்டணும். அப்புறம் திரும்ப வைக்கணும்" என்றான். "அப்படிங்களா கண்ணு. எந்தூரு சாமி நீ?" என்று பாட்டி கேட்டார். "பீகார், பாட்டிம்மா."

பீகார்ப் பையன் தமிழ்ப் பாட்டிக்குத் தமிழில் விளக்கிச் சொன்னதற்குக் கிடைத்த பரிசையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் இருந்த செக்யூரிட்டி உள்ளே வந்து, "டேய் வடக்கா, லைனை வுட்டுட்டு முன்னால என்னடா வேலை?" என்றார். சொல்லி முடித்த கையோடு அதிகாரியைப் பார்த்து, "சாய் ஆ கயா ஜீ" என்று குழைந்தார். வடக்கே இருந்து வந்தவர்கள் அந்த அறையில் இரண்டு பேர். ஒருவருக்கு டா, ஒருவருக்கு ஜீ.

அந்தப் பையன் தமிழை எங்கே படித்தான்? பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, செக்கிங் அக்காக்களிடம் கிண்டலும் கங்காணியிடம் திட்டும் டீக்கடைக்காரரிடம் கடனும் வாங்கிப் படித்திருக்கிறான். புத்தகம் இல்லை, பயிற்சி வகுப்பு இல்லை, மொழிப்படி இல்லை. படித்த அதிகாரிக்கு முடியாதது அவனுக்கு எப்படி முடிந்தது என்று மொழியியல் அறிஞர்கள் ஆராயத் தேவையில்லை. அவனுக்குத் தமிழ் வராவிட்டால் சோறு கிடைக்காது. அவருக்குத் தமிழ் வராவிட்டால் டீ தாமதமாகக்கூட வராது.

இத்தனைக்கும் 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகளைப் பிரித்துப் பாருங்கள். இந்தியா முழுமைக்கும் பொருந்தும், தமிழ்நாடு நீங்கலாக என்று பெயரைச் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள். விலக்கப்பட்ட மாநிலத்துக்குள் இருக்கும் வங்கியில் செப்டம்பர் வந்தால் இந்தி தினத்துக்குப் பேனர், கட்டுரைப் போட்டி, பரிசு, கைதட்டல். பாட்டியின் மொழிக்கு ஒரு செலான் அச்சடிக்கத்தான் நிதி ஒதுக்கீடு இல்லை.

இதில் இன்னொரு கூத்து. நாம் "இந்திக்காரன்" என்று ஏசுகிற அந்தப் பையனுக்கு வீட்டு மொழி இந்தியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பீகாரில் போஜ்புரி, மகஹி, மைதிலி என்று தனித்தனியே பேசுகிறார்கள். மைதிலி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் ஏறித் தப்பித்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்கள் தாய்மொழி போஜ்புரி என்று சொன்னவர்கள் 5 கோடிக்கு மேல். அத்தனை பேரையும் வாரி இந்தி என்ற தலைப்பின் கீழ் கொட்டியிருக்கிறார்கள், மகஹிக்காரர்களையும் சேர்த்து. போஜ்புரிக்காரன் அதிகாரியிடம் இந்தி பேசும்போதே ஒரு படி இறங்கித்தான் பேசுகிறான். பாட்டிக்காக இன்னொரு படி இறங்குகிறான். டெல்லிக்கு அவன் புள்ளிவிவரம். நமக்கு அவன் வடக்கன்.

டெல்லியைத் திட்டும்போது நமக்கு ஏற்படும் நிம்மதியே தனி. அதனால் இத்தோடு நிறுத்திக்கொண்டு சென்னைக்கு வருவோம்.

பழைய மாமல்லபுரம் சாலையில் பத்து மாடி, பதினைந்து மாடி அடுக்ககங்கள். அங்கே வளரும் தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழ் தெரியாது என்று பலர் கண்ணீர் விடுகிறார்கள். தெரியும், நன்றாகவே தெரியும். அப்பாவிடம் ஆங்கிலம், அம்மாவிடம் ஆங்கிலம், எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் ஆங்கிலம். வாட்ச்மேனிடமும் வீட்டு வேலை செய்யும் அக்காவிடமும் மட்டும் தமிழ். ஆகவே அந்தக் குழந்தையின் தமிழில் ஏவல் வினை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. எடு, வை, துடை, கொண்டு வா, சீக்கிரம் போ. 'ங்க' என்று ஓர் ஒட்டு இருப்பதே அதற்குத் தெரியாது. சொல்ல வேண்டிய ஆளிடம் அது தமிழ் பேசியதே இல்லையே. பாட்டி வயதுள்ள ஒருவரை ஐந்து வயதுப் பிள்ளை "நீ ஏன் லேட்டு?" என்று கேட்கிறது. பெற்றவர்கள் பூரிக்கிறார்கள்: "பரவாயில்லையே, தமிழ் பேசுறான்!" 2006-இல் சட்டம் போட்டுப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கினோம். வீட்டில் அது யாரோடு பேசுவதற்கான மொழி என்பதைத்தான் வரவேற்பறை முடிவு செய்துவிட்டது.

ஆங்கிலமாவது அயல்மொழி. தமிழுக்குள்ளேயே நாம் நடத்தும் தரம்பிரிப்பு இருக்கிறதே, அதற்கு ஈடில்லை. சென்னைத் தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் ரிக்‌ஷா மிதித்தவர்களும் உருதையும் தெலுங்கையும் ஆங்கிலத்தையும் காதில் வாங்கித் தங்கள் தமிழில் கலந்து உண்டாக்கிய பேச்சு அது. உருதில் இருந்து நாஷ்டா. டச்சுக்காரன் விட்டுப்போன காசில் இருந்து துட்டு. பல மொழிக்காரர்கள் கூடி வாழும் ஊரில் ஒரு பேச்சு எப்படிப் பிறக்கும் என்பதற்கு உலகத் தரமான சான்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. நாம் அதற்கு வைத்த பெயர் குப்பத்து பாஷை.

சினிமாவில் அதே பாஷை பேசினால் கைதட்டல். தூத்துக்குடியில் பிறந்த சந்திரபாபு பேசினார், லூஸ் மோகன் பேசினார். பிற்பாடு பெரிய கதாநாயகர்களே பேசினார்கள். 2017-இல் 'மெர்சல்' என்று தலைப்பே வைத்தார்கள், ஊரே கொண்டாடியது. படத்தில் வடசென்னையாக வாழ்ந்த நடிகர் பேட்டியில் ஆங்கிலத்தில் வாழ்கிறார். அவருக்கு அது வேஷம், கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கண்ணகி நகர்க் குடிசைமாற்றுக் குடியிருப்பில் வளர்ந்த பையனுக்குக் கலைக்கிற வசதி கிடையாது. கால்சென்டர் நேர்காணலில் ஆங்கிலம் கேட்கிறார்கள், சரி, வேலைக்குத் தேவை. தமிழ் வாடிக்கையாளர்களுக்கான இருக்கைக்கும் அவன் தமிழைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்கள். "கொஞ்சம் டீசன்டா பேசக் கத்துக்கங்க தம்பி." டீசன்டான தமிழ் எங்கே விற்கிறது? வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் தெரியும். சாதியை நேராகக் கேட்டால் நாகரிகம் இல்லை என்பதால் வீட்டுக்காரர் ஊரைக் கேட்பார், தெருவைக் கேட்பார், ஐந்து நிமிடம் பேசவிட்டுக் கேட்பார். நாலு வாக்கியத்தில் அவருக்குத் தேவையான சான்றிதழ் கிடைத்துவிடும். "யோசிச்சுச் சொல்றேங்க." வாடகைக்கு அலைந்து அலைந்து மூன்று விதத் தமிழ் கற்றுக்கொண்டவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். மொழியியலில் இதைப் பேச்சாளர் சூழலுக்கேற்ப வகையைத் தேர்ந்தெடுத்தல் என்று எழுதுவார்கள். தேர்ந்தெடுத்தலாம்!

மலைக்குப் போங்கள், இன்னும் விளங்கும். நீலகிரியில் தோடர், கோத்தர் என்று சில ஆயிரம் பேர்கூடச் சேராத மக்கள். வீட்டில் தங்கள் மொழி, பக்கத்துப் படுகர் ஊரில் படுகு, கடைத்தெருவில் தமிழ், சுற்றுலாக்காரரிடம் கொஞ்சம் ஆங்கிலம். நான்கு மொழிக்காரரைப் பார்த்துப் "பாவம், படிக்காதவங்க" என்று படமெடுத்துவிட்டு இறங்குகிறோம், ஒன்றரை மொழி தெரிந்த நாம். தோடா மொழியின் பாடல்களைக் கேட்டு எழுதித் தொகுத்துப் புத்தகமாகப் போட அமெரிக்காவில் இருந்து மொழியியலாளர் எமனோ வர வேண்டியிருந்தது. ஊட்டியில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர் எத்தனை தோடா சொற்கள் கற்றார் என்று கேட்டுப் பாருங்கள். பத்தாயிரம் பேருக்குக் குறைந்த தாய்மொழிகளைக் கணக்கெடுப்பு அறிக்கை பெயர் சொல்லி அச்சிடுவதில்லை. 'இதர' என்று ஒரு வரி, அதற்குள் அத்தனை பேரும்.

நீதிமன்றக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அனுமதி உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006 டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2012-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடி, தமிழ், கன்னடம், குஜராத்தி, வங்காளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அடியாக முடியாது என்றார்கள். நிலத்தை இழந்தவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து, தன் நிலத்தைப் பற்றி இரண்டு பேர் ஆங்கிலத்தில் வாதாடுவதை அவர்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்கிறார். வெளியே வந்து, "ஜெயிச்சுட்டமாங்க?" என்று குமாஸ்தாவிடம் கேட்கிறார்.

ஜனவரி 25 மொழிப்போர் தியாகிகள் நாள். 1964-இல் அதே நாளில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியில் தன்னை எரித்துக்கொண்டவர் கீழப்பழுவூர் சின்னச்சாமி. ஆண்டுதோறும் தலைவர்கள் மாலை போடுகிறார்கள், தொண்டை கிழிய முழங்குகிறார்கள். மேடைத் தமிழில் ஒற்றுப்பிழைகூட இருக்காது. மேடையை விட்டு இறங்கியதும் டிரைவருக்கு "டேய்", ஆட்சியருக்கு ஆங்கிலம், தொழிலதிபருக்கு அவர் எந்த மொழியோ அந்த மொழி. யாருக்காக எந்த மொழிக்கு மாற வேண்டும் என்பதில் தலைவருக்குக் குழப்பமே வருவதில்லை.

நான் சொன்ன அடுக்ககங்கள் ஒன்றில் அறிவிப்புகள் எல்லாம் ஆங்கிலம்தான். நீச்சல்குளம், ஜிம், கார் நிறுத்தம், யோகா வகுப்பு, பொங்கல் விழா உட்பட. தமிழில் இருப்பது ஒரே ஒரு பலகை, லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில்: வீட்டு வேலையாட்கள், டெலிவரி ஆட்கள் இந்த லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. சமீபத்தில் அதற்கு அடியில் இந்தியிலும் எழுதிவிட்டார்கள், எழுத்துப்பிழை இல்லாமல். ரயில் நிலையப் பலகையில் இந்தியைக் கண்டால் தார் டப்பாவைத் தூக்குகிற ஊர் இது. இந்தப் பலகையின் மேல் இதுவரை ஒரு சொட்டுத் தாரும் விழவில்லை.