கன்வீனர் அண்ணாச்சி

பாளையங்கோட்டைப் பக்கம் எந்தச் சபைக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். வங்கி வேலையில் ஓய்வு. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ரெக்கார்டு நோட்டு. அசனத்துக்கு அரிசி அளந்தவர். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒற்றை எலுமிச்சம்பழத்தை ஐந்நூறு ரூபாய்க்கு ஏற்றிவிட்டவர். இப்போது அவர் பார்வை மதிலுக்கு வெளியே போயிருக்கிறது.

"பக்கத்துத் தெருவுக்கு நம்ம சபை என்னவே செஞ்சிருக்கு?"

நியாயமான கேள்விதான். சாட்சிக்கு அந்தக் கால மிஷனரி மர்காஷிஸ் ஐயரை வேறு அழைப்பார். "1876-ல நாசரேத்துக்கு வந்தாரு. வந்ததும் தாது வருசப் பஞ்சம். அநாதைப் பிள்ளைகளைச் சேத்தாரு, 1878-ல தொழிற்பள்ளி தொடங்கிட்டாரு. கமிட்டி போட்டுக்கிட்டா இருந்தாரு?" என்று மேசையைத் தட்டுவார். இப்படித் தட்டியது ஏழாவது கமிட்டிக் கூட்டத்தில்.

மருத்துவ முகாம் வைக்கலாம் என்றார் பொருளாளர். போன வருடம் வைத்தோம். நம் சபைப் பெரியவர்களே வரிசையில் நின்று பிரஷர் பார்த்துவிட்டு, டீயும் வடையும் சாப்பிட்டுப் போனார்கள். ஆகவே முதலில் சர்வே என்று முடிவானது.

அண்ணாச்சி இருபத்து நான்கு கேள்வி அச்சடித்து, எங்களையும் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். முதல் வீட்டு நடையில் ஓர் ஆச்சி மீன் அலசிக்கொண்டிருந்தார்.

"தங்கள் பகுதியின் முதன்மைத் தேவைகளை வரிசைப்படுத்துக" என்று வாசித்தார் அண்ணாச்சி.

"ஞாயித்துக்கிழம உங்க ஆளுக வண்டிய எங்க நடையில நிறுத்தாம இருந்தாப் போதும்."

'போக்குவரத்து' என்று எழுதிக்கொண்டார். "வேற?"

"அந்தக் குழாய்க்கு ஒரு வாசர் போட்டுத் தாங்க. சொட்டிக்கிட்டே கெடக்கு."

"எந்தக் குழாய்?"

"உங்க கோயில் குழாய்தான். பத்து வருசமா நாங்க அங்கதான தண்ணி பிடிக்கோம்?"

பேனா நின்றது. திரும்பிப் போய்ப் பார்த்தோம். கோயிலுக்குப் பின்னால் சின்னக் கதவு திறந்து கிடக்க, குடங்கள் வரிசையில் இருந்தன. குழாயின் கழுத்தில் சைக்கிள் ட்யூப் துண்டு சுற்றியிருந்தது. எங்களைக் கண்டதும், கோயிலைத் திறந்து பூட்டும் கோயில்குட்டியார் பதறி எழுந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி. கமிட்டில கேக்கணும்னு தெரியாது."

அண்ணாச்சி வெகுநேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டைத் திறந்தார். வாசருக்கு மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு அவர் வந்தபோது, வெள்ளைச் சட்டையின் கை மடிப்பில் துருக்கறை. பின்னால் போய்ப் பார்த்தேன், குழாய் சொட்டவில்லை.

"அப்போ கொட்டேஷன் வேண்டாம்லா அண்ணாச்சி?"

"அதெப்படி?" என்றார். "ரெக்கார்டுக்கு வேணும்லா!"