கடற்பாலக் குறட்டை: வகையும் காரணமும்

விடிகாலை நாலரைக்குக் கூலாயிலிருந்து கடற்பாலம் வழியே சிங்கப்பூருக்குக் கிளம்பும் தொழிற்சாலை பஸ்தான் ஆய்வுக்களம். கருவி, 1991-ல் மெல்பர்னில் டாக்டர் மர்ரே ஜான்ஸ் வகுத்த எப்வர்த் தூக்க அளவுகோல். எட்டுக் கேள்வி, 24 மதிப்பெண். 10-ஐத் தாண்டினால் பகல்தூக்கம் மிகுதி. நெரிசலில் வண்டி சில நிமிடம் நின்றால் கண் சொக்குமா என்பது ஒரு கேள்வி. சில நிமிடமாம்! மெல்பர்ன் நெரிசல் அவ்வளவுதான் போலும்.

இந்த அளவுகோலை நம்பினால் பஸ் முழுக்க நோயாளிகள். மூன்றரைக்கே எழுந்தவர் தூங்குவது நோயில் சேராது. ஆகவே தூக்கத்தை விட்டுக் குறட்டையைப் பிடித்தோம்.

குறட்டை இருவகைப்படும்: ஓடும் குறட்டை, நின்று ஓடும் குறட்டை. முன்னதால் பெரும்பாலும் பக்கத்து இருக்கைக்குத்தான் தொல்லை. பின்னதை மூன்றாம் வரிசையில் காண்க. ஏறிக்கொண்டே போன குறட்டை பட்டென்று அறுகிறது. வயிறு மட்டும் எம்பி எம்பித் தணிகிறது. நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்த பக்கத்து அக்கா, எடுத்த கவளத்தை வாயில் போடாமல் அவரையே பார்க்கிறார். கர்ரென்று ஓர் இழுப்பு, ஒரு திடுக்கிடல். “உட்லண்ட்ஸ் வந்திருச்சாக்கா?” பஸ் இன்னும் ஸ்கூடாயையே தாண்டவில்லை.

இதுவே தடைவகை மூச்சுநிறுத்தம். தூக்கத்தில் தசை தளர, நாக்கும் மெல்லண்ணமும் பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கின்றன. பருத்த கழுத்து, உள்ளொடுங்கிய தாடை, வீங்கிய டான்சில், மது எல்லாம் இதற்குத் துணை. மாமாக் கடையின் நள்ளிரவு ரொட்டி சானாய் நேரடிக் குற்றவாளியல்ல. கழுத்தின் சுற்றளவு வழியாக வருகிறது. மைய வகை மூச்சுநிறுத்தத்தில் தொண்டை திறந்தே கிடக்கும்; மூச்சுவிடு என்ற உத்தரவு மூளையிலிருந்து வராது, வயிறும் அசையாது. இதயச் செயலிழப்பும் அபின்வகை வலிமருந்துகளும் அதன் காரணங்களில் சில. இரண்டும் கலந்த வகையும் உண்டு.

மூச்சு 10 விநாடியாவது நின்றால்தான் கணக்கில் சேரும். மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 30-க்கு மேல் போனால் கடுமை. பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் மூளை உலுக்கி எழுப்பப்படுகிறது. குடிநுழைவுச் சோதனைக்காகக் கடற்பாலம் எழுப்புவது இருமுறைதான். அதற்கே எத்தனை புலம்பல்!

குறட்டை விடுவோர் எவரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. அதனால்தான் டாக்டர்கள் மனைவியை விசாரிக்கிறார்கள்.

சிட்னியில் காலின் சல்லிவன் 1981-ல் அறிவித்த கருவி, முகமூடி வழியே காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும். பஸ்ஸில் அதற்கு வசதியில்லை. ஒருக்களித்துத் தூங்குவதும் பலருக்குப் பலன் தரும். சன்னலோர இருக்கை கிடைக்காதவர் அடுத்தவர் தோளில் சாய்ந்து அச்சிகிச்சையைப் பெறுகிறார். பக்கவிளைவு முழுவதும் பக்கத்தில் இருப்பவருக்கு.