தங்கம் வழிக்கு வந்த கதை

கந்தக அமிலம், நைட்ரிக் அமிலம் என்று எதைத் தனியாக ஊற்றினாலும் தங்கம் சட்டை செய்யாது. அவ்வளவு ஜம்பம். அந்த ஜம்பத்தை அடக்கிய சரக்கோ ஒரு கலப்படத்தில் பிறந்தது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெர்லினில் டீஸ்பாக் என்ற சாயக்காரர் சிவப்புச் சாயம் காய்ச்சினார். பொட்டாஷ் தீர்ந்துபோய் டிப்பெல் என்பவரிடம் வாங்கினார். டிப்பெல், சத்தியமாக, ஃபிராங்கன்ஸ்டைன் கோட்டையில் பிறந்தவர். ரத்தம், எலும்பு என்று எதையாவது வாட்டி எண்ணெய் இறக்கிக்கொண்டே இருப்பார். அந்தப் பிசுக்கு பொட்டாஷிலும் கலந்திருக்க, சட்டியில் சிவப்புக்குப் பதிலாக அட்டகாசமான நீலம்! பிரஷ்யன் நீலம் என்று பெயர் வைத்து விற்றுத் தீர்த்தார்கள்.

1782இல் ஸ்வீடன் மருந்துக்கடைக்காரர் ஷீலே அந்த நீலத்தை அமிலத்தோடு காய்ச்சி, ஹைட்ரஜன் சயனைடைப் பிரித்தார். எதைப் பிரித்தாலும் முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். லேசான இனிப்பு, வாயில் கொஞ்சம் சூடு என்று இதற்கும் சமையல் குறிப்பு மாதிரி எழுதி வைத்தார். அன்றைக்கு ஆள் தப்பித்ததுதான் அதிசயம். நாலு வருஷம் கழித்து, 43 வயதில் போய்ச் சேர்ந்தார்.

சயனைடின் நியாயமே தனி. நம் செல்களை ஆக்சிஜனைப் பயன்படுத்த விடாமல் கொல்லும். ஆனால் தங்கத்தைக் கரைக்க ஆக்சிஜன் வந்தால்தான் ஆச்சு என்று அடம்பிடிக்கும். எல்ஸ்னர் என்ற வேதியியலாளர் இதை 1846இலேயே சொல்லிவிட்டார். யாரும் காதில் வாங்கவில்லை.

கிளாஸ்கோவில் மக்ஆர்தர் என்ற வேதியியலாளரும் ஃபாரஸ்ட் என்ற டாக்டர் சகோதரர்களும் தங்கம் பிரிக்க வழி தேடினார்கள். 1886இல் சயனைடைச் சோதித்தார்கள். கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தினால் தங்கம் படியும் என்று காத்திருந்தார்கள். படியவில்லை. கரைந்த தங்கம் உள்ளேதான் இருந்தது; அழுகிய முட்டை நாற்றத்துக்கு யார்தான் வெளியே வருவார்? மறு வருஷம், சக்கையில் என்ன மிச்சம் என்று பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. துத்தநாகச் சீவலைப் போட்டதும் தங்கம் சமர்த்தாகப் படிந்தது. கரைக்கும் முறைக்கு 1887இலேயே காப்புரிமை வாங்கியிருந்தார்கள்.

ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களில் அப்போது கிலி. ஆழம் போகப் போக பைரைட் கலந்த பாறை. தங்கத்தைப் பிடிக்கும் பாதரசம் அதனிடம் தோற்றது, பங்கு விலை விழுந்தது. 1890இல் சயனைடு வந்து காப்பாற்றியது. சுரங்க முதலாளிகள் குளிர்ந்துபோனார்கள், காப்புரிமைக்காரர்கள் ராயல்டி கேட்கும்வரை. கேட்டதும் கோர்ட்டுக்குப் போனார்கள். இதெல்லாம் முன்பே தெரிந்த சங்கதிதான் என்று வாதாடி, 1896இல் ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வாலில் காப்புரிமையை ரத்துசெய்ய வைத்தார்கள். தெரிந்திருந்தால் ஏன் கிலி பிடித்து உட்கார்ந்திருந்தார்கள் என்று நீதிபதி கேட்டாரா, தெரியாது.

கோலார் தங்கவயலுக்கும் சயனைடு வந்தது. வடஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள் வெட்டிய பாறை அரைபட்டு, சயனைடில் அலசப்பட்டு, மேடுமேடாகக் குவிந்தது. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். 2024இல் கர்நாடக அமைச்சரவை அவற்றில் 13 மேடுகளை மறுபடி அலச ஒப்புதல் கொடுத்தது. தாத்தா அலசிக் கொட்டிய மண்ணில் இன்னும் தங்கம் இருக்கிறதாம்.