கண்ணாடியல்லாத கண்ணாடி

உடவத்தைக்கலை வனத்தின் ஓரத்தில் குடியிருப்பது மகா பாக்கியம் என்று கொழும்பிலிருந்து வரும் நண்பர்கள் சொல்வதுண்டு. அவர்களுடைய சமையலறைச் சாளரத்தை எந்த வானரமும் உடைத்ததில்லை. உச்சியிலிருந்து சுழன்று படரும் உரோமத்தைத் தொப்பிபோல் தரித்த எங்கள் பிரதேசத்துக் குரங்கொன்று, ஒரு சீப்புக் கதலிப்பழத்தின் நிமித்தம் மூன்று மாதத்தில் இரண்டு கண்ணாடிகளைத் தகர்த்தபின், "இனியும் கண்ணாடிதான் போடுறதுன்னா, என்னையும் அந்தக் காட்டிலேயே விட்டுருங்க" என்று என் சகதர்மிணி அறிவித்துவிட்டாள். அக்கிரிலிக் என்னும் வஸ்துவின் பக்கம் என் சிந்தை திரும்பியது அப்போதுதான்.

கண்ணாடியின் எடையில் ஏறக்குறையப் பாதியே உள்ளதும், எளிதில் நொறுங்காததும், விழும் ஒளியில் நூற்றுக்கு 92 பங்கை அப்படியே கடத்துவதுமான இந்தத் தகடுதான், பெர்ஸ்பெக்ஸ் என்ற நாமத்துடன், இரண்டாம் உலக யுத்தத்தில் ஸ்பிட்பயர் விமானிகளின் சிரசுக்கு மேல் கவிந்திருந்தது. 1944ஆம் ஆண்டில் பேராதனைப் பூந்தோட்டத்தில் தலைமையகம் அமைத்துக்கொண்டு ஜப்பானியரோடு பொருத மவுண்ட்பேட்டன் பிரபுவின் விமானப் படைக்கு உதவிய பொருள், அங்கிருந்து சில மைல் தூரத்தில் ஒரு குரங்கோடு பொரும் எனக்கு மட்டும் உதவாதா என்ன?

3 மில்லிமீற்றர் தகடொன்றை வாங்கிவந்து, பார்வைக்கு அழகாயிருக்கட்டுமென்று அதன் மேல் ஒட்டியிருந்த காப்புத்தாளை முதற்காரியமாக உரித்தெறிந்தேன்; கீறல்கள் விழுவதற்கு வாசலைத் திறந்துவிட்டது அந்தக் காரியமே. பின்னர், பலாக்கிளை வெட்டவென்று வாங்கிய வாளை அதன்மீது பிரயோகித்தேன். அதன் முரட்டுப் பற்கள் ஓரத்தைக் கடித்துத் துப்பியதோடு, மூலையில் ஒரு வெடிப்பையும் சன்மானமாக அளித்தன. இரண்டாவது தகட்டுக்கு மின்சார ஜிக்சோ ஒன்றை இரவல் பெற்று, வேகமே விவேகமென்று நம்பி முழு விசையில் ஓட்டினேன். நூறு பாகை வெப்பத்தைச் சற்றே தாண்டினால் இளகிவிடும் அந்தத் தகடு, பிளேட்டின் உராய்வில் உருகி, நான் அறுத்துச் சென்ற வழியெல்லாம் எனக்குப் பின்னாலேயே மீண்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு முழம் அறுத்து நிமிர்ந்து பார்த்தால், தகடு ஒன்றாகவே இருக்கிறது. ஜிக்சோவோ பாகில் சிக்கிய கரண்டியாய் அசைய மறுக்கிறது.

கடைசியில் கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த பாஸ், என் ஆயுதங்களை ஒரு முறை பார்த்து, "மாத்தயா, மெல்லிசுத் தகடு அறுக்கிற சாமான் இல்ல, கீறுற சாமான்" என்றார். கொக்கிபோல் முனை வளைந்த கத்தியொன்றை அடிமட்டத்தின் ஓரமாக வைத்து, ஒரே கோட்டில் எட்டு முறை இழுத்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் நூலிழைபோல் ஒரு சுருள் எழுந்தது. கீறலை மேசை விளிம்புக்கு நேரே வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். 'டக்' என்று தகடு இரண்டாயிற்று. தடித்த தகட்டுக்குக் காபைட் முனையுள்ள நெருங்கிய பற்களோடு கூடிய வட்டவாள் வேண்டுமென்றும், ஜிக்சோவென்றால் நுண்ணிய பல்லும் மந்த கதியும் வேண்டுமென்றும், துளைக்கும் ஊசியின் கூரைக்கூடச் சற்று மழுக்கினால்தான் அது தகட்டைக் கவ்விப் பிளக்காமல் சுரண்டிச் செல்லுமென்றும் அவர் உபதேசித்தார். ஆணியைவிடத் துளையைப் பெரிதாக இட்டதற்கும் காரணம் இருந்தது: "வெயில்ல இது பெருக்கும், அதுக்கும் கொஞ்சம் இடம் வேணும்தானே?"

நான் அரைநாள் உருக்கியதை அவர் அரைமணியில் முடித்துச் சாளரத்தில் பொருத்தினார். அந்தப் பளபளப்பை வெளியிலிருந்து கண்டு களிக்க, நானும் என் சகதர்மிணியும் பாஸும் முற்றத்தில் வரிசையாக நின்றோம். சமையலறைக் கதவைச் சாத்த வேண்டுமென்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உள்ளே மேசைமீது அமர்ந்து கதலிப்பழம் உரித்துக்கொண்டிருந்த அந்தத் தொப்பிக்காரரை, ஒளியின் 92 பங்கும் குறையாமல், நாங்கள் தெள்ளத் தெளிவாகக் கண்டோம்.