பனிக்குள் ஒரு குளிர்சாதனப் பெட்டி

குளோத் மோனே 1868-69 குளிர்காலத்தில், பிரான்சின் எத்ரெத்தா அருகே வரைந்த ‘மேக்பை’ ஓவியத்தில் இருப்பவை: பனி, வேலி, படல், படலின்மேல் ஒரு பறவை. நிழலுக்கு நீலம் தீட்டியிருந்தார். நிழல் என்றால் கறுப்பு என்று பழகிய காலம் அது. 1869இல் பாரிஸ் சலோன் கண்காட்சியின் நடுவர்கள் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதே படத்தை நம் காலத்துச் சர்ரியல் கலைஞர் ‘மறுவாசிப்பு’ செய்கிறார் என்று வையுங்கள். வேலி அந்தரத்தில் மிதக்கும். பறவைக்குத் தலை இருக்கும் இடத்தில் கடிகாரம் இருக்கும். பனிக்குள்ளிருந்து ஒரு குளிர்சாதனப் பெட்டி எட்டிப் பார்க்கும். பக்கத்திலேயே இரண்டு பக்க விளக்கக் குறிப்பு. படிக்கிறவர்கள் எல்லாரும் புரிந்தது போலத் தலையாட்டுவார்கள்.

மூலப்படம் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குக் கண் இருந்தால் போதும், கைடு வேண்டாம்.